ஓ.டி. அவனுக்கு, பழைய மெஷின் எனக்கு: என்ன செய்யலாம்?

கேள்வி: ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆறு வருடமாக சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன், நிரந்தரத் தொழிலாளி. எங்கள் சூப்பர்வைசர் தன் ஊர்க்காரர்கள் இரண்டு பேருக்கே ஓ.டி.யும் (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) புது மெஷினும் தருகிறார். எனக்குப் பழைய மெஷின், நைட் ஷிஃப்ட். எனக்குப் பின்னால் சேர்ந்தவன் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போய்விட்டான். மேலே சொன்னால் இன்னும் பகைத்துக்கொள்வாரோ என்று பயம். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று நடத்தினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை "அவனுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு எந்த சூப்பர்வைசரிடமும் பதில் தயாராக இருக்கும், அவன் வேகமாகச் செய்கிறான், கூப்பிட்டதும் வருகிறான் என்பார், அதோடு பேச்சு உங்கள் பொறாமையைப் பற்றியதாக மாறிவிடும். "ஓ.டி. எந்த முறையில் பிரிக்கிறீர்கள், என் முறை எப்போது வரும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை அவர் வாய்ப்பேச்சில் சமாளிப்பது கஷ்டம்.

கேட்பதற்கு முன் உங்கள் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி பஸ்ஸில் வருகிறவர் ஷிஃப்ட் முடிந்ததும் கிளம்பியாக வேண்டும், பைக்கில் வருகிறவர் இன்னும் நான்கு மணி நேரம் இருக்க முடியும், பல இடங்களில் ஓ.டி. அப்படித்தான் சிலர் கைக்கே போய்ச் சேர்கிறது. நீங்கள் பஸ் என்றால், "ஓ.டி.க்கு நான் தயார், வண்டிக்கு நானே ஏற்பாடு செய்துகொள்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், முடிந்தால் வாட்ஸ்அப்பில். ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்பது சட்டம், ஆகவே அது யாருக்குப் போகிறது என்று கேட்பது உங்கள் வருமானத்தைப் பற்றிய கேள்வி, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எனக்கு ஓ.டி.யை விடப் பெரிய கவலை அந்தப் பழைய மெஷின்தான். அதில் மெஷின் சூடாகும் வரை அளவு நிற்காது, அடிக்கடி ஆஃப்செட் (டூலுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தம்) மாற்ற வேண்டியிருக்கும், அப்படியும் நாலு பீஸ் ரிஜெக்ட் ஆகும். அந்த ரிஜெக்‌ஷன் உங்கள் பெயரில் ஏறுகிறது. வருடக் கடைசியில் அப்ரைசலில் உட்காரும் மேனேஜருக்குத் தெரிவது எண் மட்டும்தான்: புது மெஷின்காரருக்குக் குறைவு, உங்களுக்கு அதிகம். ஓரவஞ்சனை இப்படித்தான் திறமைக் குறைவு என்று பேப்பரில் பதிவாகிவிடுகிறது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு உங்களை எடுக்காததற்கும் நாளைக்கு இதே எண்ணைக் காட்டுவார்கள்.

அதனால் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, ஷிஃப்ட், மெஷின் நம்பர், எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்ட், மெஷின் கோளாறை மெயின்டனன்ஸில் எப்போது சொன்னீர்கள், அன்றைக்கு ஓ.டி. யாருக்குப் போனது. கருத்து எதுவும் எழுத வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் சேர்ந்த பிறகு, முதலில் சூப்பர்வைசரிடமே தனியாகப் போங்கள், லைனில் நாலு பேர் நடுவே வேண்டாம். மெஷினையும் நைட் ஷிஃப்டையும் சுழற்சி முறையில் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். சுழற்சி என்றால் அவர் யாரையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது, அவருக்கும் ஒப்புக்கொள்ள ஒரு வழி இருக்கும். அந்த இரண்டு பேர் பெயரையும் இழுக்காதீர்கள், அவர்களோடு நீங்கள் தினமும் கேன்டீனில் உட்கார வேண்டும்.

சரி, அதற்கும் அசையவில்லை என்றால்? தகுதியைப் பார்க்காமல் ஒரு பிரிவுத் தொழிலாளர்களுக்குச் சலுகை காட்டுவதை முறையற்ற தொழில் நடவடிக்கைகளில் ஒன்றாகவே சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. 1947 தொழிற்தகராறுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் இருந்தது, இப்போது 2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு இருந்தாக வேண்டும், அதில் நிர்வாகத் தரப்புக்கும் தொழிலாளர் தரப்புக்கும் சம இடம். குறை எழுந்த ஒரு வருடத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், 30 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும் என்பது விதி. முடிவு திருப்தியில்லை என்றால், நீங்கள் சங்க உறுப்பினராக இருந்தால் 60 நாளுக்குள் சங்கம் மூலமாக சமரச அதிகாரியிடம் போகலாம். மனு ஒரே பக்கம் போதும், நோட்டில் உள்ளதைத் தேதிவாரியாகக் கொடுங்கள், நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். உங்களைப் போல இன்னும் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பகை உங்கள் ஒருவர் மேல் மட்டும் விழாது.

சாதிப் பெயர் சொல்லி அவமானப்படுத்துவது, பெண் என்பதற்காகக் கூலியைக் குறைப்பது, பாலியல் தொல்லை இதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. அதற்குத் தனித்தனிச் சட்டங்கள் உண்டு, சூப்பர்வைசரிடம் பேசிப் பார்க்கவும் தேவையில்லை, நேராகப் புகார்தான்.

வேலையை விடுவது பற்றி: கோபத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். வெளியே வேறு வேலை உறுதியாகி, ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் உங்களுக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கு. விலகுவதானால் அதற்கும் சேர்த்து எழுதிக் கொடுத்து, எந்தெந்த மெஷினில் வேலை செய்தீர்கள் என்பதை அனுபவச் சான்றிதழில் குறிப்பிடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.