முதல் மழைக்கு முன் சூப்பர் போடலாமா?

மேற்கு ஆஸ்திரேலியாவில், பிஞ்சாரா பக்கம் மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: “மே மாதம் மழைக்கு முன்பே சூப்பர் பாஸ்பேட் உரத்தை இறைத்துவிடலாம் என்றேன். மண் பரிசோதனை முடிவு வரட்டும் என்று முதலாளி நிறுத்திவிட்டார். தஞ்சாவூரில் அடியுரம் போட்டுத்தானே நடுவோம்? இது கஞ்சத்தனம்தானே?”

இல்லை தம்பி. உங்கள் ஊர்க் களிமண், சூப்பரில் இருக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே இருப்பது கிட்டத்தட்ட கடற்கரை மணல். பிடித்து வைக்கிற இரும்பும் அலுமினியமும் அதில் பேருக்குத்தான். வெயிலில் காய்ந்த மேட்டு மணலில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பல இடங்களில் உள்ளே இறங்காமல், தாமரை இலையில் நிற்பதுபோல் உருண்டு நிற்கும். அப்புறம் மழை. கோடை முழுக்க ஏமாற்றிவிட்டு ஜூன், ஜூலை, ஆகஸ்டில் சேர்த்துக் கொட்டும். தொடக்கத்தில் புல் வெறும் முளை, அதன் வேர் எவ்வளவு உறிஞ்சும்? மிச்சமெல்லாம் வாய்க்கால் வழியே செர்பென்டைன், மர்ரே, ஹார்வி ஆறுகளில் சேர்ந்து, மாண்டுராவில் பீல்-ஹார்வி கழிமுகத்துக்குப் போய்விடும்.

எண்பதுகளில் அந்தக் கழிமுகம் நோடுலேரியா என்ற நச்சுப் பாசியால் பச்சைக் குழம்பாகக் கிடந்ததாம். பழைய ஆட்கள் இன்னும் அந்த நாற்றத்தைச் சொல்வார்கள். காற்றிலிருந்தே தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும் பாசி அது. அதற்குத் தேவைப்பட்ட மணிச்சத்தை வயல்கள் ஊட்டின. கடைசியில் டாஸ்வில் என்ற இடத்தில் சுமார் 2.5 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி, 1994இல் கடல்நீரை உள்ளே விட்டார்கள். உப்பு ஏறியதும் நோடுலேரியா அடங்கியது. ஆனால் அது கழிமுகத்துக்குச் செய்த வைத்தியம். மேலே ஆறுகளில் பாசியும் மீன் சாவும் தொடர்ந்தன.

நானும் உங்களைப்போல்தான் தொடங்கினேன். செர்பென்டைன் பக்கம் என் சின்ன நிலத்தில் ஒரு மே மாதம் சூப்பர் வீசினேன். அன்று இரவே பேய்மழை. காலையில் பார்த்தால் சாம்பல் நிறக் குருணைகள் வேலியோரப் பள்ளத்தில் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தன. காசும் போச்சு. அப்புறம்தான் மண்ணைக் கொடுத்துப் பார்த்தேன்: மணிச்சத்து வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது, குறைவாக இருந்தது கந்தகம்தான். சூப்பரில் கந்தகமும் இருப்பதால், போட்டதும் புல் பச்சை கட்டும். நாம் மணிச்சத்தின் வேலை என்று நினைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு கந்தகம் தரும் ஜிப்சம் மட்டும் போட்டேன், புல்லுக்கு ஒரு குறையும் இல்லை.

அதனால் முடிவு வந்ததும் கந்தகம், சாம்பல் சத்து (பொட்டாசியம்) இரண்டின் எண்களையும் சேர்த்துப் பாருங்கள். மணிச்சத்து உண்மையிலேயே குறைவு என்றால், புல் முளைத்து வேர் பிடித்த பிறகு, பெருமழை வராத வாரமாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். வாய்க்கால் ஓரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.