கையடக்க எக்ஸ்ரே: இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: மாவட்டக் காசநோய் முகாம்களுக்குக் கையடக்க எக்ஸ்ரேயும், படத்தைப் பார்த்துக் காசநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று மதிப்பெண் போடும் ஏஐ மென்பொருளும் வாங்க நினைக்கிறோம். இரண்டே வருடத்தில் பழசாகிவிடுமோ என்று தயக்கம். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: கருவி பழசாவதைவிட, அது ஆய்வகத்தின் மேல் ஏற்றப்போகும் சுமைதான் முதல் கவலை. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மருத்துவருக்குப் பதிலாக இவ்வகை மென்பொருளே படம் பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்துவிட்டது. சிறுவர்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

1,000 பேரில் 10 பேருக்கு நோய் இருப்பதாக வையுங்கள். மென்பொருள் நோயாளிகளில் 90 சதவீதத்தையும், நோயில்லாதவர்களில் 70 சதவீதத்தையும் சரியாகச் சொன்னால், 9 நோயாளிகளோடு நோயே இல்லாத 297 பேரும் சளிப் பரிசோதனைக்கு வருவார்கள். மொத்தம் 306. சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் கருவி, ஒரே நேரத்தில் இரண்டு மாதிரி பார்ப்பது, ஒன்றுதான் இருக்கிறது, நாளுக்கு 12 பார்க்க முடிகிறது என்றால், ஒரே முகாமின் வேலைக்கு 25 நாளுக்கு மேல் ஆகும். அந்தக் கருவியில் போடும் சோதனைச் சிப்பின் இருப்பு, ஆள் பலம் இரண்டையும் எண்ணிவிட்டு டெண்டருக்குப் போங்கள்.

எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் சந்தேகம் என்பதை நிறுவனம் சொல்லும் எண்ணில் விடக் கூடாது. பழைய காசநோய்த் தழும்பும் முதுமையும் மதிப்பெண்ணை ஏற்றிவிடும். முதல் சில முகாம்களில் மதிப்பெண் பாராமல், சளி தர முடிந்த எல்லோருக்கும் பரிசோதித்து, உங்கள் ஊருக்கான எல்லையை நீங்களே போடுங்கள்.

பலரும் சறுக்குவது அதற்குப் பிறகு. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதும் அதே படத்துக்கு வேறு மதிப்பெண் வரும். போன மாத எல்லை இந்த மாதம் செல்லாது. எனவே முன்னறிவிப்பு இல்லாமல் பதிப்பை மாற்றக் கூடாது, படங்கள் டைகாம் என்ற மருத்துவப் படங்களுக்கான பொதுக் கோப்பு வடிவில் உங்களிடமே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முடிவு தெரிந்த பழைய படங்களைப் புதிய பதிப்பில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் எக்ஸ்ரேயை இயக்க முடியாது. அதற்கான நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து என்ன வருகிறது? சளிக்குப் பதிலாக நாக்கில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் பரிசோதனைகளைப் பல நாடுகளில் ஆராய்ந்து வருகிறார்கள். சளியே வராதவரையும் அதனால் பரிசோதிக்க முடிந்தால், எக்ஸ்ரேக்குப் பிந்தைய கட்டம் முழுக்க மாறும். ஆகவே எக்ஸ்ரேயை வாங்குங்கள். மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா போதும், ஐந்தாண்டு ஒப்பந்தம் வேண்டாம்.