தட்டுக்கு முன்னால் ஒரு ஆமென்

அன்புள்ள சார்,

நாங்கள் லண்டனுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது. நடக்கிற தூரம் என்பதால் சர்ச் ஆஃப் இங்கிலாந்து பள்ளியில் சேர்த்தோம். அங்கே தினமும் கூட்டு வழிபாடு உண்டு. போன வாரம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கைகூப்பி, கண்ணை மூடி, ஏதோ சொல்லி ‘ஆமென்’ என்றாள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. வழிபாட்டிலிருந்து அவளை விலக்கச் சொல்கிறார். கணவரோ ‘விடு, நல்லதுதானே’ என்கிறார். நீங்கள் மிஷன் பள்ளியில் படித்தவர். என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தோழி,

மாமனார் அடுத்த வேளையாவது சாப்பிட்டாரா?

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். விலக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தலைமை ஆசிரியருக்கு நாலு வரி எழுதினால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. முழுவதுமாக விலக்கலாம்; தேவாலயத்துக்கு அழைத்துப்போகும் நாட்களில் மட்டும் என்றும் கேட்கலாம். சமயக் கல்வி வகுப்பு இதில் சேராது. அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

பள்ளியை மாற்றினால் தீரும் என்று நினைக்காதீர்கள். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள் ஒவ்வொரு நாளையும் கூட்டு வழிபாட்டோடு தொடங்க வேண்டும் என்றது 1944 கல்விச் சட்டம். 1988இல் எந்த நேரத்திலும் நடத்தலாம் என்று தளர்த்தினார்கள். கூடவே, சர்ச் நடத்தாத பள்ளியிலும் வழிபாடு பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மையோடு இருக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். அங்கெல்லாம் பல இடங்களில் அது ஒப்புக்கு நடக்கிறது. சர்ச் பள்ளியில் அப்படி விட முடியாது; சியாம்ஸ் என்றொரு தனி ஆய்வு வரும், வழிபாட்டையும் பார்க்கும்.

நான் ஐந்து வருடம் தினமும் பரமண்டல ஜெபம் சொன்னவன். பரீட்சையன்று வீட்டில் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம், பள்ளியில் உரத்த ஆமென். எது பலித்தது என்று தெரியாது, கணக்கில் இரண்டுமே பலிக்கவில்லை. என் அப்பாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் நம் அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, பெற்றோர் சம்மதிக்காமல் சிறுவரை வழிபாட்டில் பங்கேற்கச் சொல்லக் கூடாது என்கிறது. இங்கிலாந்தில் அது தலைகீழ். நீங்கள் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று கணக்கு.

உங்கள் வீட்டுக் கதை ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போயிருக்கிறது தெரியுமா? பெல்ஃபாஸ்டில் ஒரு தொடக்கப் பள்ளிச் சிறுமி வீட்டில் சாப்பிடும் முன் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். பெற்றோருக்கு மதநம்பிக்கை இல்லை. அவள் பெயரிலும் அப்பா பெயரிலும் வழக்குப் போட்டார்கள். 2025 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ‘வேண்டாமென்றால் விலக்கிக்கொள்ளலாமே’ என்ற வாதம் எடுபடவில்லை. விலக்கப்பட்ட குழந்தை தனித்துத் தெரியும், அந்தச் சுமையைப் பெற்றோர் தலையில் கட்ட முடியாது என்றார்கள். அது சர்ச் பள்ளி அல்ல, வட அயர்லாந்தின் சட்டமும் வேறு. அதனால் உங்கள் பள்ளியை அந்தத் தீர்ப்பு நேரடியாகத் தொடாது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, தனியே உட்கார வைக்கப்படும் பிள்ளையைப் பற்றி நீதிபதிகள் யோசித்ததுதான்.

ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன் பள்ளியில் கேட்டு ஒரு நாள் வழிபாட்டில் போய் உட்காருங்கள். மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், பாட்டு இருக்கும், ஒரு கதை, கொஞ்சம் மௌனம். ஜெபத்துக்கு வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘இது உங்கள் ஜெபமும் என்றால் ஆமென் சொல்லுங்கள்’ என்று பல பள்ளிகளில் சொல்வதுண்டு. 2021இல் சர்ச் வெளியிட்ட வழிகாட்டுதலும் வழிபாடு அழைப்பாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஒரு வரி அங்கே இருந்தால் நான் பிள்ளையை விலக்க மாட்டேன். இல்லை, எல்லோரும் சொல்லியே ஆக வேண்டும் என்றால் விலக்குவேன். ஆனால் அந்த நேரத்தில் அவள் எங்கே, யாருடன் இருப்பாள் என்று கேட்டுவிட்டுத்தான்.

அப்புறம், அவள் ‘ஏதோ’ சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னாள் என்று யாராவது கேட்டீர்களா? தாத்தாவையே கேட்கச் சொல்லுங்கள், சாப்பிட உட்காரும்போது.