துணியைப் பற்றி எழுதுங்கள், ஆர்டரைப் பற்றி வேண்டாம்

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு வருடமாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் தரும் பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நின்று ஆர்டரைக் கவனிப்பவராக, இருக்கிறேன். பின்னலாடைத் தொழில் பற்றி இணையத்தில் தமிழில் எழுத ஆசை. "இருக்கிற வேலையைக் கெடுத்துக்காதே" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதுங்கள். வேலை எப்படி நடக்கிறது என்பது எல்லோருக்கும் பொது. யாருடைய ஆர்டரில் என்ன நடந்தது என்பது கம்பெனிக்குச் சொந்தம். முதலாவதை எழுதி வேலை போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இரண்டாவதை எழுதி நானே பட்டிருக்கிறேன்.

இளவயதில், ஒரு லாட்டில், அதாவது ஒன்றாகச் சாயம் போட்ட துணித் தொகுதியில், ஷேடு மாறிப்போன கதையை எழுதினேன். கம்பெனி பெயரும் இல்லை, பையர் பெயரும் இல்லை. ஆனால் என்ன கலர், எந்த மாதம் என்று எழுதியிருந்தேன். அது போதுமாக இருந்தது. இரண்டே நாளில் மேனேஜர் கூப்பிட்டார். "ஏனுங்க, நம்ம வீட்டு விஷயத்தை எதுக்குங்க தெருவுல வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். வேலை போகவில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு வருடம் பையர் மீட்டிங் எதற்கும் என்னை அழைக்கவில்லை. திருப்பூரில் பெயரை மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும். அதனால் புனைபெயரில் எழுதலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

அதே விஷயத்தை வேறு மாதிரி எழுதியிருக்கலாம். ஒரே துணி, பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில், பையர் ஒப்புக்கொண்ட அப்ரூவல் சாம்பிளோடு பொருந்துகிறது, கடை வெளிச்சமான டிஎல்84-இல் வைத்தால் மாறித் தெரிகிறது. சாயக் கலவை மாறினால் ஏன் இப்படி ஆகிறது, லேப் டிப் (சின்னத் துண்டில் சாயம் போட்ட மாதிரி) பார்க்கும்போதே இதை எப்படிப் பிடிப்பது என்று எழுதியிருந்தால், புதிதாக வேலைக்கு வரும் நூறு பையன்களுக்கு உதவியிருக்கும். ஜிஎஸ்எம்மும் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) அப்படித்தான். 100 சதுர சென்டிமீட்டர் வட்டத் துண்டு வெட்டி, எடையை நூறால் பெருக்க வேண்டும், 1.6 கிராம் என்றால் 160. இது எல்லோருக்கும் தெரியும். காம்பாக்டிங் (துணியை நெருக்கிச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் வேலை) முடிந்து வந்த துணியை ஆற விடாமல் கட்டிங் போட்டால் அளவு ஏன் சுருங்குகிறது என்பதை உங்களைப் போல ஆறு வருடம் நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

வேலைக்கு இதனால் என்ன லாபம்? இண்டர்வியூவில் எல்லோரும் "அனுபவம் இருக்கு" என்றுதான் சொல்கிறார்கள். எழுதுகிறவரிடம் அந்த அனுபவம் கண்ணுக்குத் தெரிகிறது. அப்புறம், எழுத உட்கார்ந்தால்தான் நமக்கு எது தெரியாது என்பது புரியும். டையிங் மாஸ்டரிடம் போய்க் கேட்பீர்கள். எனக்கு அடுத்த வேலை கிடைத்ததைவிட அப்படிக் கற்றுக்கொண்டதுதான் பெரிது.

காஸ்டிங் (விலைக் கணக்கு), டெக் பேக் (ஆடையின் அளவு, தையல் விவரங்கள் அடங்கிய தாள்), அடுத்த சீசன் டிசைன், டெஸ்ட் ரிப்போர்ட் ஆகியவற்றின் படத்தைக்கூடப் போடாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ரகசியம் காப்பது பற்றி என்ன கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துப் படியுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக நீங்கள் தயாரித்த எழுத்துக்கு நிறுவனமே முதல் உரிமையாளர்.

சாயக்கழிவு, நொய்யல் பற்றியும் எழுத ஆசை வரும். எழுத வேண்டியதுதான். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது பொது ஆவணத்தில் இருக்கிறது. அதை வைத்து, கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறையில் தண்ணீரையும் உப்பையும் எப்படி மீட்கிறார்கள் என்று விளக்குங்கள். ஒரு குறிப்பிட்ட பட்டறை தப்பு செய்வது தெரிந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் கொடுங்கள். கட்டுரையில் அதை இழுக்காதீர்கள்.

முதலாளிக்கு இன்னொருவர் வாயால் தெரியக் கூடாது. முதல் இரண்டு கட்டுரையை நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். பனியனின் பக்கத் தையல் துவைத்த பிறகு ஏன் முன்பக்கம் திரும்பி வருகிறது, அதில் நூலின் முறுக்குக்கு என்ன பங்கு என்பதை முதல் கட்டுரையாக வைத்துக்கொள்ளலாம். வெளியிடும் முன் நிட்டிங் மாஸ்டரிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.