அலமாரி ஒன்றே உள்ள கல்லூரி

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறிய கல்லூரியில் என் மகளுக்குச் சமூகவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அத்துறைக்கென நூலகத்தில் ஓர் அலமாரிதான் உள்ளது. சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: தாராளமாகச் சேருங்கள், அம்மா. அலமாரி சிறியது என்பது குறைதான். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்துக்கு மாதம் ஒருமுறையாவது அவர் போய்வரட்டும். ஆனால் 1950களில் மானிடவியலாளர் கேத்லீன் கஃப்பும், 1960களின் தொடக்கத்தில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயும் சாதியையும் நில உறவையும் ஆராயத் தேடி வந்தது பழைய தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களைத்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்கள் வந்து தங்கிக் கற்றதை உங்கள் மகள் டவுன் பஸ்ஸில் போகும்போதே பார்க்கலாம். நடவு இயந்திரம் வந்தபின் நாற்றுக்கட்டு சுமந்த பெண்கள் எந்த வேலைக்குப் போகிறார்கள், 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருந்தும் வாய்மொழிக் குத்தகை ஏன் தொடர்கிறது என்று அவர் கேட்டு எழுதட்டும். வகுப்பில் மாணவர் குறைவென்றால், எழுதியதை ஆசிரியர் வரிவரியாகத் திருத்தித் தரவும் நேரமிருக்கும்.