அடுப்படி ஐயங்கள்: கிறிஸ்துமஸ் பலகாரங்கள்

கிறிஸ்துமஸ் பலகாரம் குறித்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன: அளவு பிசகவில்லை, ஆனாலும் பக்குவம் வரவில்லை. மழை ஓயாத டிசம்பரில் காற்றிலுள்ள ஈரத்தையும், மாவிலும் தேங்காயிலும் தங்கிவிடும் ஈரத்தையும் எந்தக் கரண்டியாலும் அளக்க முடியாது. ஆகவே அளவுகளோடு, எந்தக் கட்டத்தில் கண்ணும் கையும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

நான் தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்து, இப்போது சென்னையில் வசிக்கிறேன். வீட்டில் மக்ரூன் செய்தால் மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உட்புறம் பிசுபிசுப்பாகவும் இருக்கிறது. மறுநாள் முழுவதுமே தொய்ந்துவிடுகிறது. எங்கள் ஊர்ப் பக்குவம் வீட்டில் வாய்க்காதா? (ஒரு வாசகி, சென்னை)

நிச்சயம் வாய்க்கும். ஆனால் இதைச் சுடுகிற பண்டமாக நினைக்காமல், உலர்த்துகிற பண்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குறையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றே பொருள்கள்தாம் இதில் இருக்கின்றன. வெள்ளைக்கரு 100 கிராம் என்றால் பொடித்த சர்க்கரை 200 கிராமும், முந்திரி 200 கிராமோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ போதும்.

முட்டை குளிர்ச்சியாக இருக்கும்போது கருக்களைப் பிரிப்பது எளிது. அடிப்பதற்கோ அறையின் வெப்பநிலைக்கு வந்த வெள்ளைக்கருதான் நன்றாகப் பொங்கும். மஞ்சள் கரு ஒரு துளி கலந்துவிட்டாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தாலும் நுரை எழும்பாது. முதலில் வெறும் வெள்ளைக்கருவை அடித்து, நுரை வெண்மையாகத் திரண்ட பிறகு சர்க்கரையை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடித்துக்கொண்டே வாருங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் நுரை அசையாமல் நிற்க வேண்டும். இரு விரலுக்கு இடையே தேய்த்தால் சர்க்கரை நறநறக்கக் கூடாது. நான்கைந்து துளி எலுமிச்சைச் சாறு விட்டால் நுரை சீக்கிரம் உடையாது.

பலரும் தவறுவது முந்திரியில்தான். மிக்சியைத் தொடர்ந்து ஓடவிட்டால் முந்திரி சூடேறி எண்ணெய் விடும். அந்த எண்ணெய் பட்டவுடன் நுரை தளர்ந்துவிடும். விட்டுவிட்டு ஓடவிட்டு, ரவை போலக் கொரகொரப்பாக எடுத்து, அடிக்காமல் மடித்து மடித்துக் கலக்குங்கள். பட்டர் பேப்பரில் சிறு கூம்புகளாக இட்டு, 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக வையுங்கள். பிறகு ஓவனை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் இரவு முழுவதும் உள்ளேயே விட்டுவிடுங்கள். சூட்டைக் கூட்டி விரைவாக எடுக்க முயன்றால் மேற்புறம் பழுத்து, உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுவிடும். நீங்கள் எழுதியிருக்கும் பிசுபிசுப்புக்கு இதுவே காரணம்.

மறுநாள் தொய்வதற்குக் காரணம் சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பது. ஆறியவுடன், ஒரு மணி நேரம்கூட வெளியில் வைக்காமல், இறுக மூடும் டப்பாவில் அடைத்துவிடுங்கள். ஏற்கெனவே தொய்ந்தவற்றை 100 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

அச்சு முறுக்கு அச்சை விட்டுக் கழலவே மாட்டேன் என்கிறது. புதிய அச்சு வாங்கியும் பயனில்லை. முட்டை சேர்க்காமலும் செய்ய முடியுமா? (ஒரு வாசகி, திருநெல்வேலி)

புதிய அச்சு என்பதால்தான் ஒட்டுகிறது என்று நினைக்கிறேன். இரும்பு அச்சை முதல்நாள் இரவே நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ ஊறப் போட்டு, மறுநாள் காயும் எண்ணெயில் பத்து நிமிடம் அமிழ்த்தி வைத்த பிறகே மாவில் தோய்க்க வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுத் தேய்க்காமல், துணியால் துடைத்துத் தாளில் சுற்றி எடுத்துவையுங்கள்.

அச்சின் சூடு இரண்டு பக்கமும் தவறக்கூடும். சூடு போதாவிட்டால் மாவு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். மிகுந்துவிட்டால் அச்சில் பிடிக்காமல் மாவுப் பாத்திரத்திலேயே வெந்து விழும். தோய்க்கும்போது சுர்ரென்ற மெல்லிய ஒலி கேட்டு, அச்சைச் சுற்றி மாவு ஒரே சீராகப் படிவதே சரியான சூடு. அச்சின் முக்கால் உயரத்துக்கு மேல் மாவு ஏறக் கூடாது. மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழல இடமே இருக்காது.

பச்சரிசி மாவு 2 கப், பொடித்த சர்க்கரை அரை கப்புக்குச் சற்று மேல், முட்டை 1, கறுப்பு எள், சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் தோசை மாவைவிடச் சற்றே தளர்வாகக் கரையுங்கள். சர்க்கரை கூடினால் சிவப்பதும் ஒட்டுவதும் கூடும். அரிசி மாவு அடியில் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு நான்கைந்து முறுக்குக்கும் ஒருமுறை அடிவரை கலக்கிவிடுவது அவசியம். முட்டை வேண்டாதவர்கள் அரிசி மாவில் கால் கப்பைக் குறைத்து அந்த அளவு மைதா சேர்த்துக்கொள்ளலாம். மொறுமொறுப்பு சற்றே மாறும். ஆனால் முட்டை உண்ணாத அயலாருக்கும் தட்டில் வைத்துக் கொடுக்கலாம் என்பதால், எனக்கு அந்த மாற்றத்தில் முழுச் சம்மதம்.

முந்திரிக்கொத்து எண்ணெயில் போட்டவுடன் பிரிந்து, வெல்லம் கருகி, எண்ணெயே கறுத்துவிடுகிறது. (ஒரு வாசகர், நாகர்கோவில்)

மேல்மாவு நீர்த்திருக்கிறது, அல்லது உருண்டை ஆறி இறுகுவதற்கு முன்பே எண்ணெயில் போயிருக்கிறது. சிறுபயறு அரை கிலோவை வாசம் வரும்வரை வறுத்துக் கொரகொரப்பாகத் திரித்துக்கொள்ளுங்கள். 400 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கம்பிப் பதம் வரும்வரை பாகு காய்ச்சி, அதில் பயற்று மாவு, எள், ஏலக்காய், சுக்கு, வறுத்த தேங்காய்த் துருவல் ஆகியவற்றைக் கொட்டிக் கிளறுங்கள். தேங்காயைப் பொன்னிறமாக, ஈரம் துளியும் இல்லாமல் வறுப்பதில்தான் இந்தப் பலகாரத்தின் ஆயுள் இருக்கிறது. அரைகுறையாக வறுத்தால் மூன்றாம் நாளே சிக்கு வாடை வந்துவிடும்.

கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டி, ஓர் இரவு காற்றாட விட்டு, மறுநாள் பொரியுங்கள். பச்சரிசி மாவோடு சிறிது மைதா, மஞ்சள் தூள், உப்பு சேர்த்துக் கரைக்கும் மேல்மாவு, பஜ்ஜி மாவின் கெட்டியில் உருண்டையை முழுவதும் மூட வேண்டும். மூன்று மூன்றாகச் சேர்த்து இடுவது உங்கள் ஊர் வழக்கமாயிற்றே. எண்ணெய் நடுத்தரச் சூட்டில் இருந்தால், அவை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.

பழக் கேக்கில் பழங்களெல்லாம் அடியில் இறங்கி, நடுப்பகுதி குழிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் ரம் சேர்ப்பதில்லை. அதனால்தான் இப்படி ஆகிறதா? (ஒரு வாசகி, திருச்சி)

ரம்முக்கும் இந்தக் குறைக்கும் தொடர்பு இல்லை. அது பழத்துக்கு மணமும் கேக்குக்கு ஆயுளும் தருமே தவிர, மாவைத் தாங்கி நிறுத்துவதில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு செய்வது இந்தக் கேக்கின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1883ஆம் ஆண்டு தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு, மர்டாக் பிரவுன் என்ற பிரிட்டிஷ் தோட்ட முதலாளி கொண்டுவந்து காட்டிய கேக்கைப் பார்த்து, உள்ளூர் முந்திரிப்பழச் சாராயத்தையும் கதலிப்பழத்தையும் சேர்த்துத் தம் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்று கேரளத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

நீங்கள் ஆரஞ்சுச் சாற்றையோ கறுப்புத் திராட்சைச் சாற்றையோ பழங்கள் மூழ்கும் அளவு ஊற்றி, சிறு தீயில் பத்து நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு ஊறவிடுங்கள். ரம்மில் ஊறிய பழம் போல இது மாதக்கணக்கில் தாங்காது. இரண்டொரு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். கேக்கையும் ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

பழம் இறங்குவதற்குக் காரணம், அதில் ஒட்டியிருக்கும் ஈரமும் மாவின் தளர்ச்சியும். ஊறிய பழத்தை வடிகட்டி, துணியில் ஒற்றி, அளந்து வைத்த மைதாவிலிருந்தே இரண்டு கரண்டி எடுத்துப் பிசறிச் சேருங்கள். மைதா, வெண்ணெய், சர்க்கரை ஒவ்வொன்றும் 250 கிராம், முட்டை 4 என்ற அளவில் வரும் மாவு, கரண்டியிலிருந்து வழியாமல் கட்டியாக விழ வேண்டும். வெண்ணெயை உருக்கவே கூடாது. விரல் பட்டால் அமுங்கும் நிலையில் சர்க்கரையோடு வெளுக்கும்வரை குழைத்தால்தான் அதில் காற்று தங்கும்.

நடுவில் குழிவது, பாதி வேக்காட்டில் கதவைத் திறந்து பார்ப்பதாலோ பேக்கிங் பவுடர் கூடிவிடுவதாலோ நேர்வது. இந்த அளவு மாவுக்கு ஒரு தேக்கரண்டி போதும். 150 டிகிரி செல்சியஸில் முதல் ஒரு மணி நேரம் கதவைத் தொடாதீர்கள். அதன்பின் நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வெளிவரும்வரை பொறுத்திருங்கள். பாத்திரத்தின் அகலத்தைப் பொறுத்து இன்னும் கால் மணி முதல் அரை மணி வரை ஆகலாம். கரும்பழுப்பு நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கும்போது, அது அடர் செந்நிறம் அடைந்தவுடன் அடுப்பை அணைத்து, கொதிக்கும் வெந்நீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். பாகு பலமாகத் தெறிக்கும்; குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

நான்கட்டாய் வட்டமாக நிற்காமல் தட்டில் பரவிவிடுகிறது. (ஒரு வாசகி, மதுரை)

நெய் உருகியிருக்கிறது. மணல்மணலாக உறைந்த நெய்யைத்தான் பொடித்த சர்க்கரையோடு குழைக்க வேண்டும். மைதா 200 கிராமுக்குச் சர்க்கரை 100 கிராம், நெய் 100 முதல் 120 கிராம் வரை. உருட்டிய பிறகு அரை மணி நேரம் குளிரவைத்து, 160 டிகிரியில் பதினெட்டு முதல் இருபது நிமிடம் சுடுங்கள். வெளியே எடுக்கும்போது தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று மீண்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள். ஆறினால்தான் இறுகும்.

கல்கல் கடிக்க முடியாமல் கெட்டியாகிவிடுகிறது. (ஒரு வாசகர், கோவை)

மாவை நீர் விட்டு நெடுநேரம் பிசைந்ததன் விளைவு. வெண்ணெயை மைதாவில் முதலில் நன்றாகப் பிசறி, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். சீப்பிலோ முள்கரண்டியின் முதுகிலோ மெல்லியதாக அழுத்திச் சுருட்டி, சிறு தீயில் பொரியுங்கள். வீட்டிலுள்ள குழந்தைகளையும் பெரியவர்களையும் சுற்றி உட்காரவைத்துச் சுருட்டச் செய்ய வேண்டிய பலகாரம் இது. தனி ஒருவராகச் செய்தால் மாவு காய்ந்து, கெட்டித்தன்மை இன்னும் கூடும்.

எங்கள் வீட்டில் நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) ரிச் கேக் செய்வோம். ரவை நறநறவென்று கடிபடுகிறது. கேக்கின் ஓரம் கருகிவிடுகிறது. (ஒரு வாசகி, மட்டக்களப்பு)

ரவையை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியபின் மென்மையான வெண்ணெயோடு கலந்து, சில மணி நேரம் அப்படியே வைத்திருந்தால் நறநறப்புப் போய்விடும். முட்டையும் பழச் சீவல்களும் பூசணித் தோசியும் (சர்க்கரைப் பாகில் பதப்படுத்திய பூசணித் துண்டுகள்) அதற்குப் பிறகுதான் சேர வேண்டும். இந்தக் கேக்கில் மாவைவிட முந்திரியும் பழமும் தோசியும் மிகுதி என்பதால் அதற்கு நீண்ட, மெல்லிய சூடு தேவைப்படுகிறது. உங்கள் பக்கத்து மூத்தவர்கள் தட்டின் உட்புறம் செய்தித்தாளைப் பல மடிப்பாக விரித்து, அதன்மேல் எண்ணெய்த்தாளை இடுவதற்குக் காரணம் இதுதான். அந்த மடிப்புகளே ஓரத்தைக் கருகாமல் காக்கின்றன. 140 முதல் 150 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். மேற்பகுதி சிவந்துவிட்டால் ஒரு தாளால் மூடுங்கள். புதுச்சேரியின் விவிக்கம் கேக்கும் ரவையில் செய்வதுதான். அங்கும் ரவை ஊறும் நேரத்தைக் குறைப்பவர்களுக்கு இதே குறை நேர்கிறது.

என் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. எல்லாப் பலகாரத்தையும் வெல்லத்தில் செய்துவிட்டால் அவர் தாராளமாகச் சாப்பிடலாமா? (ஒரு வாசகர், ஈரோடு)

கூடாது. வெல்லமும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தத்தில் சர்க்கரை அளவை அவையும் உயர்த்தும். ‘வெல்லம்தானே’ என்ற தைரியத்தில் முதியவர்கள் அளவு மீறிச் சாப்பிட்டுவிடுவதை நான் பெரிதும் அஞ்சுகிறேன். மேலும் மக்ரூனில் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால் நுரை நிற்காது. உங்கள் தாயாருக்காகத் தனியே வறுத்த முந்திரி, காரச் சீடை போன்றவற்றை அளவோடு வையுங்கள். இனிப்பில் ஒரு சிறு துண்டை, மருத்துவர் அனுமதிக்கும் அளவில், சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். பண்டிகை நாளில் அவரை மட்டும் பந்தியிலிருந்து ஒதுக்கிவிட வேண்டாம்.

வெளிநாட்டிலுள்ள மகனுக்கு எவற்றை அனுப்பலாம்? (ஒரு வாசகி, பாளையங்கோட்டை)

கல்கல், நான்கட்டாய், அச்சு முறுக்கு மூன்றும் தாங்கும். முந்திரிக்கொத்து பத்து நாளுக்குள் போய்ச் சேருமானால் அனுப்பலாம். மக்ரூன் நொறுங்கிப்போகும், மகன் ஊருக்கு வரும்போது செய்து கொடுங்கள். முட்டை, பால் சேர்ந்த உணவுப் பொருள்களைச் சில நாடுகள் உள்ளே விடுவதில்லை என்பதால், அந்நாட்டு விதியைக் கூரியர் நிறுவனத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள். எதுவானாலும் முழுவதும் ஆறிய பிறகே அடைக்க வேண்டும். அச்சு முறுக்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தாளில் உருளையாகச் சுற்றி, தகர டப்பாவின் இடைவெளிகளில் கல்கலை நிரப்பினால், ஆட்டம் இல்லாமல் இரண்டும் உடையாமல் போய்ச் சேரும்.