மனச்சோர்வும் சி.பி.டி. சிகிச்சையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு மனச்சோர்வு என்று சொன்ன மருத்துவர், சி.பி.டி. எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘தைரியமா இருங்க, எல்லாஞ் சரியாப் போயிரும்’ என்று வீட்டில் தினமும் சொல்கிறார்கள். அதையே காசு கொடுத்துக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

பதில்: ஆறுதல் சொல்வது வேறு, இந்தச் சிகிச்சை வேறு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று தமிழில் சொல்லப்படும் சி.பி.டி.யில், உங்கள் மனத்தில் ஓடும் எண்ணத்தைத் தாளில் எழுதவைத்து, அது எவ்வளவு தூரம் உண்மை என்று உங்களையே சோதித்துப் பார்க்கச் சொல்வோம். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மனநல மருத்துவராக இருந்த ஆரன் பெக், மனச்சோர்வு உள்ளவர்களின் மனத்தில் சில எண்ணங்கள் தாமாகவே வந்துபோவதையும், தம்மைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் வருங்காலத்தைப் பற்றியும் அவை ஒரே மாதிரி இருண்டிருப்பதையும் கவனித்தார். சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது.

உங்கள் வேலையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். அனுப்பிய லாட் ஒன்று திரும்பி வந்துவிடுகிறது. ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் வருகிறது. அதை எழுதி, எவ்வளவு நம்புகிறீர்கள் என்று பக்கத்தில் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போடச் சொல்வோம். 90 என்று போடுகிறீர்கள். அடுத்து, பீஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதுபோல் அந்த எண்ணத்தையும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். தையல் விட்டுப்போன பீஸ்கள் செக்கிங்கைத் தாண்டிப் போனது உண்மை. அன்று இரண்டு பேர் லீவில் இருந்ததும், அதற்கு முன் போன லாட்டுகள் குறையில்லாமல் பாஸானதும் அதே அளவுக்கு உண்மை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ‘அன்றைக்கு என் கவனம் தவறியது, ஆள் குறைந்த நாளில் லாட்டை அவசரப்பட்டு அனுப்பக் கூடாது’ என்று எழுத முடிகிறது. மறுபடி மதிப்பெண் போடும்போது 90 என்பது 50 ஆனாலே நெஞ்சின் பாரம் குறைவது தெரியும். இதில் பொய்யான நம்பிக்கை எதையும் யாரும் ஊட்டவில்லை. சோதித்த பிறகு அந்த எண்ணம் உண்மைதான் என்று தெரிந்தால், உதாரணமாகக் கட்ட முடியாத கடன் நிஜமாகவே இருந்தால், அந்தப் பிரச்சினையைத் தீர்க்கும் வழியைப் படிப்படியாகப் பேசுவதும் இந்தச் சிகிச்சையில் அடங்கும்.

கேள்வி: ஆனைமலைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. எனக்கு வயது 52. ஆறு மாதமாக எதிலும் பிடிப்பில்லை. முன்பு விடிவதற்குள் மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருவேன். இப்போது எல்லாம் மருமகள்தான் செய்கிறாள். மனசு கொஞ்சம் தெளிந்ததும் வேலையைத் தொடங்கலாம் என்று படுத்தே இருக்கிறேன்.

பதில்: முதலில் தைராய்டு, ரத்தசோகை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அவையும் இதே போன்ற அசதியைத் தரும்.

மனச்சோர்வுதான் என்று உறுதியானால், நீங்கள் நினைத்திருக்கும் வரிசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும். படுத்தே இருக்கும்போது மனத்துக்கு இதமான எதுவும் நடப்பதில்லை. நடக்காததால் சோர்வு கூடுகிறது. சோர்வு கூடக் கூட எழுந்திருக்க மனம் வருவதில்லை. இந்தச் சுற்றை எண்ணத்தின் பக்கமிருந்து உடைப்பதைவிடச் செயலின் பக்கமிருந்து உடைப்பது பலருக்கு எளிது. 1996இல் அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சி.பி.டி.யின் செயல் சார்ந்த பகுதியை மட்டும் பெற்றவர்களும் முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாகத் தேறியிருந்தார்கள். கோவாவில், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதே முறையைச் செய்துபார்த்து, பலன் இருப்பதாக 2017இல் வெளியிட்டார்கள். நம் ஊர்களுக்குப் பெரிதும் பொருந்தும் வழி இதுவே என்பது என் எண்ணம்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டில் மணிவாரியாக என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் செய்து முடித்த நிறைவுக்கு ஒன்று, கிடைத்த மகிழ்ச்சிக்கு ஒன்று எனப் பத்துக்கு இரண்டு மதிப்பெண் போடுங்கள். அடுத்த வாரம் ஒரே ஒரு சின்ன வேலையை நேரம் குறித்துச் சேர்க்க வேண்டும். காலை ஆறரைக்குக் கட்டுத்தரைக்குப் போய்க் கன்றுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவது போதும், கறவையெல்லாம் பிறகு. போவதற்கு முன், ‘போனால் எவ்வளவு மகிழ்ச்சி இருக்கும்’ என்று ஊகித்து ஒரு மதிப்பெண் எழுதுங்கள். வந்த பிறகு உண்மையானதை எழுதுங்கள். ஒன்று என்று ஊகித்த இடத்தில் மூன்றோ நான்கோ வருவதை இந்த நோட்டுகளில் அடிக்கடி பார்க்கிறேன். மனம் முன்கூட்டிச் சொல்வது தப்பாகவும் இருக்கலாம் என்பதற்கு உங்கள் கையெழுத்திலேயே அது சாட்சி.

உங்கள் மருமகள் அன்பினால்தான் எல்லா வேலையையும் தாமே எடுத்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பதிலை அவரிடமும் காட்டி, அந்த ஒரு வேலையை மட்டும் உங்களுக்கென்று விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மாத்திரை தொடங்கிப் பத்து நாளாகிறது, மாற்றமே இல்லை. சி.பி.டி. தொடங்கிவிட்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா? (ஈரோடு)

பதில்: நிறுத்த வேண்டாம். மனச்சோர்வு மாத்திரைகளின் பலன் தெரியப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்; திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம். மிதமான மனச்சோர்வுக்கு சி.பி.டி. மட்டுமே மாத்திரைக்கு இணையான பலன் தருகிறது. கடுமையான நிலையில் இரண்டும் சேர்ந்திருப்பதே நல்லது. மாத்திரையை மட்டும் எடுத்து நிறுத்தியவர்களைவிட, சி.பி.டி.யை முடித்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்பது இதன் பெரிய வலிமை. ஆனால் அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு இருப்பவருக்கும், இல்லாத குரல்கள் காதில் கேட்பவருக்கும் மருந்துதான் முதலில். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எத்தனை முறை போக வேண்டும்? யாரிடம் போவது? (நாமக்கல்)

பதில்: வாரம் ஒரு முறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வீதம், 12 முதல் 20 அமர்வுகள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டுப்பயிற்சி எதுவும் தராமல் வாரம்தோறும் பேச்சை மட்டும் கேட்டு அனுப்பினால், அது சி.பி.டி. ஆகாது. செலவுக்கு யோசிப்பவர்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்த மகள் காங்கேயத்துக்குத் திரும்பிவிட்டாள். ‘நான் இல்லைன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதிம்மா’ என்கிறாள். கேட்டால் மேலும் கெட்டுவிடுமோ என்று பேசாமல் இருக்கிறேன். சி.பி.டி. கொடுத்தால் சரியாகுமா?

பதில்: கேளுங்கள். ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா, கண்ணு?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பவருக்குப் பெரும்பாலும் சற்று ஆசுவாசமே கிடைக்கிறது. பதிலைக் கேட்டு அழவோ திட்டவோ செய்யாமல் முழுதும் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘நான் வீட்டுக்குப் பாரம்’ என்பது இந்த நோய் எழுப்பும் எண்ணம். அதைச் சோதித்துப் பார்க்க சி.பி.டி.யில் வழி இருக்கிறது, ஆனால் நோட்டும் மதிப்பெண்ணும் இப்போது வேண்டாம். முதலில் அவளுடைய உயிருக்குக் காவல் வேண்டும். தோட்டத்துச் சாளையில் இருக்கும் பூச்சிமருந்தையும் வீட்டிலிருக்கும் மாத்திரைகளையும் இன்றே பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவளைத் தனியே விடாதீர்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. நாளைக் காலை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எப்படிச் செய்துகொள்வது என்று யோசித்து வைத்திருப்பதாக அவள் சொன்னால், நாளை வரை காத்திராமல் இப்போதே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.